மேற்கு வார்டில் அப்பா

குளியலறையில் வழுக்கி விழுந்த நிலையிலும், "சோப்பை இங்க வச்சது யாரு?" என்று விசாரணை நடத்தினாரே அப்பா, போன வாரக் கதையை அவரை ஆம்புலன்ஸில் ஏற்றியதோடு நிறுத்தியிருந்தேன். படம் எடுத்துப் பார்த்ததில் இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. விடிந்தால் ஆபரேஷன். பெரியவள் நர்ஸாக இருக்கும் அதே ஆஸ்பத்திரியில்தான்.

மகள் வேலை பார்க்கிற இடம், பயம் எதற்கு என்று அம்மா தைரியமாகத்தான் இருந்தாள். ஆனால் கட்டில் காலியாக இருந்தது மேற்கு வார்டில். பெரியவள் முகம் சுருங்கியது அப்போதுதான்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், பழையவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். வயசானவர்கள் ஆபரேஷன் முடிந்து கண் விழிக்கும்போது பலருக்குப் புத்தி தடுமாறும். எங்கே இருக்கிறோம் என்றே தெரியாது. மூக்கில் இருக்கும் ட்யூபைப் பிடுங்குவார்கள், பெற்ற பிள்ளையைப் பார்த்து நீ யார் என்பார்கள். மயக்க மருந்து செய்கிற வேலை என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். பெரியவள் விடவில்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் கண்ணாடியையும் காது மெஷினையும் கழற்றி, தொலைந்துவிடக் கூடாதே என்று வீட்டாரிடம் கொடுத்துவிடுவது வழக்கம். வீட்டாரை உள்ளே விட சாயங்காலம் ஆகும். அதுவரைக்கும் அந்த ஆளுக்கு எதுவும் சரியாகத் தெரியாது, எதுவும் சரியாகக் கேட்காது. நல்லா இருக்கிறவனையே அப்படிப் படுக்க வைத்தால் குழம்பிப் போவான், இவர்கள் குழம்பாமல் என்ன செய்வார்கள் என்று அவள் கேட்டாள். கேட்டதோடு நிற்கவில்லை, ஆராய்ச்சி செய்யப் பண உதவி கேட்டு விண்ணப்பமும் போட்டாள்.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு நன்கொடை நிதி உண்டு. அங்கே பிழைத்துப் போனவர்களும், பிழைக்காமல் போனவர்களின் வீட்டாரும் போட்டு வைத்த பணம். நோயாளிகளை இன்னும் நன்றாகக் கவனிக்க வழி தேடும் ஆராய்ச்சிக்கு மட்டும்தான் கொடுப்பார்கள். டாக்டர்களே வாங்கிக்கொண்டிருந்த அந்த உதவியை முதல் தடவையாக ஒரு நர்ஸ் வாங்கினாள். அவள் நம் பெரியவள்.

கிழக்கு வார்டில் புது முறை. கண்ணாடியும் மெஷினும் பெயர் ஒட்டிய டப்பாவில் ஏறி, கட்டிலோடு கூடவே ஆபரேஷன் தியேட்டர் வரைக்கும் போகும். ஆள் கண் திறந்ததும் மாட்டிவிட வேண்டும். மேற்கு வார்டில் பழைய வழக்கம். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் ஆராய்ச்சி. எந்த வார்டில் கட்டில் காலியோ அங்கே போக வேண்டும், ஆள் பார்த்து மாற்றக் கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்டவளும் அவள்தான்.

"ஒரே ஒரு போன் போட்டா முடியுற வேலை இது, அக்கா," என்றான் சின்னவன். காலையில் ஆஸ்பத்திரி வராந்தாவில், அக்காவின் வழியை மறித்துக்கொண்டு நின்றான்.

"முடியும். அதனாலதான் போடக் கூடாது."

"யாரோ ஒரு ஆளுன்னா சரி. இது அப்பா, அக்கா."

"அங்க படுத்திருக்கற எல்லாருமே யாருக்கோ அப்பாதாண்டா. என் அப்பாவை மட்டும் நான் இந்தப் பக்கம் இழுத்துட்டா, அப்புறம் அந்த ஆராய்ச்சியை யார் நம்புவாங்க? நானே நம்ப மாட்டேன்."

"அவர் கண் முழிச்சு, ஒண்ணும் புரியாம தவிச்சா?"

ராத்திரி முழுக்க அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். தம்பிக்கு அது தெரியாது. கல் நெஞ்சுக்காரி என்று முணுமுணுத்துவிட்டு மாடிப்படி பக்கம் போய்விட்டான்.

அப்பாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். வாழ்நாள் முழுக்க ஓர் அச்சகத்தில் பிழை திருத்தியவர். வேலையை விட்டு வந்த பிறகும் குணம் விடவில்லை. மளிகைக் கடைப் பலகையைப் பார்த்தாலும், மருந்து டப்பாவைப் பார்த்தாலும் முதலில் அவர் கண்ணில் படுவது எழுத்துப் பிழைதான். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் சிவப்பு மை. அவர் காதில் விழாத தூரத்தில்தான் கூப்பிடுவார்கள். காது மெஷின் வந்த பிறகு அந்தத் தூரம் கொஞ்சம் கூடிவிட்டது.

பிழை இருந்தால் வாய் திறப்பார். இல்லாவிட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார். ரொம்ப நன்றாக இருந்தால், தலையைக் கூட நிமிர்த்தாமல், "பரவாயில்ல" என்பார். அவர் அகராதியில் அதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது. பெரியவள் நர்ஸ் படிப்பில் முதலாவதாக வந்தபோது பரவாயில்ல. ஆராய்ச்சிக்கு உதவி கிடைத்துவிட்டது என்று இனிப்போடு ஓடி வந்தபோதும் அதே பரவாயில்லதான். அன்றைக்கு அவள் சமையலறையில் போய் அம்மாவிடம் அழுதாள்.

"அவர் அப்படித்தாண்டி. நான் சமைச்சதுக்கும் அதேதான் சொல்றார், இத்தனை வருஷமா," என்றாள் அம்மா.

ஆராய்ச்சியில் சேருவதற்கு நோயாளியின் சம்மதம் வேண்டும். மேற்கு வார்டுப் பொறுப்பு நர்ஸ் விவரத் தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், டாக்டர்கள் உட்பட. இடுப்பு முறிந்து கிடந்தவர், தலையணையை உயர்த்தச் சொல்லி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வரி வரியாகப் படித்தார். பாதியில் விரல் நின்றது.

"பேனா இருக்கா?"

"கையெழுத்து கடைசியிலதாங்க அப்பா," என்றாள் அக்கா.

"கையெழுத்துக்கு இல்ல. சிவப்பு இருந்தா நல்லது."

வலி வந்தால் மருந்து கொடுக்கப்படும் என்று இருக்க வேண்டிய இடத்தில், வலி வந்தால் மறந்து கொடுக்கப்படும் என்று இருந்தது. பக்கத்தில் நின்ற பெரியவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல ஆகிவிட்டது. எத்தனையோ பேர் கையெழுத்துப் போட்ட தாள். பெரிய டாக்டர் படித்திருக்கிறார், நிதிக் குழு படித்திருக்கிறது. ஒருத்தர் கண்ணிலும் படவில்லை.

"யார் எழுதினது?"

"நான்தான்ப்பா. அது அச்சுப் பிழை."

"அச்சுப் பிழைன்னு ஒண்ணு கிடையாது. அச்சு தானா பிழை பண்ணாது. ஆள்தான் பண்ணுவான்."

இதை அவள் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்ற நாளிலிருந்து கேட்டு வருகிறாள். அப்பா திருத்தினார், சுழித்தார், கடைசியில் கையெழுத்துப் போட்டார். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது மகளை நிமிர்ந்து பார்த்தார்.

"எந்த வார்டு எனக்கு?"

"மேற்கு வார்டுப்பா. பழைய முறை."

"சரி," என்றார்.

அவ்வளவுதான். தள்ளுவண்டி வந்தது. அம்மா அவர் கண்ணாடியைக் கழற்றி, காது மெஷினைக் கழற்றி, முந்தின நாள் துவைத்த கைக்குட்டையில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். கண்ணாடி இல்லாத அப்பாவின் முகம் பெரியவளுக்குப் பழக்கமே இல்லாத முகம். மூக்கின் இரண்டு பக்கமும் தழும்பு மட்டும் தெரிந்தது. வண்டி திரும்பும்போது அவர் எல்லோருக்கும் பொதுவாக, சுவரைப் பார்த்துக் கையசைத்தார்.

அழ நேரமில்லை. மதியத்துக்கு மேல் நிதிக் குழு மேல் மாடியில் கூடுகிறது, அதற்குத் தயாராக வேண்டும்.

முதல் வருஷம் முடிகிறது, இரண்டாவது வருஷமும் உதவி தொடர வேண்டுமா என்று முடிவு செய்யும் நாள் இது. நீள மேஜையைச் சுற்றி நன்கொடை கொடுத்தவர்களின் சார்பில் வந்தவர்கள். ஒருவர் மர வியாபாரி, இன்னொருவர் ஓய்வு பெற்ற வாத்தியார். நடுவில் குழுத் தலைவி. அவர் புருஷன் இதே ஆஸ்பத்திரியில், இதே மேற்கு வார்டில், மனைவியை அடையாளம் தெரியாமலே கண் மூடியவர். அது எல்லோருக்கும் தெரியும், யாரும் அதைப் பேசுவதில்லை.

"தப்பா நினைக்காதீங்க," என்று மர வியாபாரி ஆரம்பித்தார். "கண்ணாடியை மாட்டி விடறதுக்கு ஆராய்ச்சி எதுக்கும்மா? மாட்டி விட்டாப் போச்சு."

சிரிப்பு எழுந்தது. பெரியவளும் சிரித்துவிட்டாள்.

"நானும் அப்படித்தான் சார் நினைச்சேன். அஞ்சு வருஷமா ஒவ்வொரு கூட்டத்துலயும் சொல்லிப் பாத்தேன். நல்ல யோசனை சிஸ்டர்ன்னு சொல்லுவாங்க, டீ குடிச்சுட்டு எழுந்து போயிடுவாங்க. தொலைஞ்சா யார் பொறுப்பு, மாட்டி விட ஆள் எங்க, இதனால குணமாகும்னு எங்க எழுதியிருக்குன்னு கேப்பாங்க. நீங்க குடுத்த உதவியில டப்பா வாங்கினோம், ஆள் பழக்கினோம். இதுவரைக்கும் ஒரு கண்ணாடியும் தொலையல. தடுமாறிப் போறவங்க மேற்கு வார்டுல எத்தனை பேரோ, கிழக்குல அதுல பாதி கூட இல்ல."

திரையில் படம் வந்தது. கிழக்கு வார்டில் ஒரு பெரியவர், தலையில் கட்டு, மூக்கில் கண்ணாடி, கையில் நாளிதழ். அந்தப் படத்தைப் பார்த்து வாத்தியார் தன் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரிய டாக்டர், பக்கத்தில் இருந்தவரிடம், "எங்க ஆஸ்பத்திரி நர்ஸ்," என்றார். அது தெரியாதவர் யாரும் அந்த அறையில் இல்லை, இருந்தாலும் சொன்னார்.

பெரியவள் குரலில் ஒரு நிமிர்வு வந்துவிட்டது. வந்தால் என்ன தப்பு? சம்பாதித்த நிமிர்வு.

இப்போது தலைவி மெதுவாகக் கேட்டார்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. இது நல்லதுன்னு உங்களுக்கே தெரியுது. உங்க வீட்டு ஆளா இருந்தா, மேற்கு வார்டுல படுக்க வைப்பீங்களா?"

"எங்கப்பா இப்ப அங்கதான் மேடம் இருக்கார்," என்றாள் பெரியவள். "காலையில ஆபரேஷன். இந்நேரம் வார்டுக்கு வந்திருப்பார். கண்ணாடி எங்கம்மா கைப்பையில இருக்கு."

மர வியாபாரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தலைவி அவளையே பார்த்தார்.

"உதவி தொடரும்," என்றார் கடைசியில். "இதுல ரெண்டு பேச்சு கிடையாது. ஆனா எனக்கு ஒரு நிபந்தனை இருக்கு. நாளையிலேர்ந்து மேற்கு வார்டுலயும் எல்லாருக்கும் கண்ணாடி மாட்டணும். இனி ஒருத்தர் கூட அப்படிப் படுத்திருக்கக் கூடாது."

"மேடம், ஒப்பிட்டுப் பாக்கற வேலை முடிய இன்னும் ரெண்டு மாசம் பாக்கி இருக்கு. இப்ப நிறுத்தினா, பாதியில விட்ட ஆராய்ச்சின்னு மத்த ஆஸ்பத்திரிங்க தூக்கி ஓரமா வச்சுடும். இங்க நாலு பேர் நல்லா இருப்பாங்க. வெளிய எல்லா இடத்துலயும் பழையபடியே நடக்கும்."

"அந்த நாலு பேர்ல ஒருத்தர் என் வீட்டுக்காரரா இருந்திருக்கலாம்," என்றார் தலைவி. குரலில் கோபம் இல்லை. "நாளைக்குக் காலையில பதில் சொல்லுங்க."

பெரியவள் படியிறங்கி வரும்போது பார்வையாளர் நேரத்துக்கான மணி அடித்தது. கீழே அம்மா பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"மாடியில மீட்டிங்ல பேசறாளே, அவ என் பொண்ணு. டாக்டருங்களுக்கு மட்டும் குடுக்கற உதவி, இவளுக்குக் குடுத்திருக்காங்க." மகளைப் பார்த்ததும் எழுந்தாள். "என்னடி சொன்னாங்க?"

"தர்றேன்னுட்டாங்கம்மா. மீதியை அப்புறம் சொல்றேன். தம்பி எங்க?"

"காலையிலேர்ந்து மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு எங்கயோ நிக்கறான். நீ முன்னாடி போ, என் முட்டிக்கு இந்தப் படி ஏற நேரமாகும். நான் கண்ணாடியோட வந்துடறேன்."

மேற்கு வார்டு வாசலிலேயே பெரியவளுக்கு அப்பாவின் குரல் கேட்டது.

"நாலாம் பக்கம் போயிடுச்சா? நிறுத்துங்க. பிழை இருக்கு. நான் பாக்காம ஓட்டாதீங்க."

பொறுப்பு நர்ஸ் அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சொட்டு மருந்து ஏறும் ஊசியைப் பிடுங்கப் பார்த்திருக்கிறார். "மதியத்துலேர்ந்து அச்சாபீஸ்லதான் இருக்கார்," என்றாள் அக்கா தணிந்த குரலில். "கொஞ்ச நேரம் தெளிவாப் பேசறார், மறுபடியும் அங்க போயிடறார்." கையைப் பெரியவளிடம் ஒப்படைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாள்.

இப்படி எத்தனை பேரைப் பெரியவள் பார்த்திருக்கிறாள். அப்பாவின் விரல்கள் போர்வையில் வரி வரியாக ஓடின, பேனாவைத் தேடி நின்றன. கண் அவளைத் தாண்டி எங்கோ பார்த்தது.

"அப்பா," என்றாள், அவர் காதருகே குனிந்து.

அந்த ஆஸ்பத்திரியில் நர்ஸுகள் எல்லா முதியவர்களையும் அப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். காலையிலிருந்து அவரை எத்தனை பேர் அப்படிக் கூப்பிட்டிருப்பார்கள். பெற்ற மகள் மட்டும் கூப்பிட வேண்டிய வார்த்தை, அடையாளத்துக்கு உதவாமல் போய்விட்டது. அவருக்குத் தெரிந்தது எல்லாம் நீலச் சீருடை ஒன்றுதான்.

"சிஸ்டரா?" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "சிஸ்டர், உங்களுக்கு என் பொண்ணைத் தெரியுமா? இதே ஆஸ்பத்திரிதான். கிழக்கு வார்டு."

நான்தான்ப்பா என்று சொல்ல வாயெடுத்தவள் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் அவளுக்கும் தெரியாது.

"தெரியும்ப்பா," என்றாள் சத்தமாக.

"அவளுக்கு எல்லாரும் சேர்ந்து காசு போட்டுக் குடுத்திருக்காங்க, நீ ஆராய்ச்சி பண்ணும்மான்னு. சும்மா குடுப்பாங்களா? நான் அச்சாபீஸ்ல எவ்வளவோ பெரிய மனுஷங்க புஸ்தகமெல்லாம் பாத்திருக்கேன். இவ எழுதின விண்ணப்பம் மாதிரி ஒண்ணு பாத்ததில்ல. ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் எடுத்துத் திரும்பத் திரும்பப் படிப்பேன்."

பெரியவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"காலையில என் பையன் வந்தான். ஆளைப் பாத்துப் பேசிட்டேன், கட்டிலைக் கிழக்கு வார்டுக்கு மாத்திடலாம், அக்காவுக்குத் தெரிய வேண்டாம்னான். போடான்னுட்டேன்." மூச்சு வாங்கினார். "பாசமான பையன்தான். ஆனா யோசிக்க வேண்டாமா? நான் அந்தப் பக்கம் போனா அவ கணக்கு தப்பாயிடும். ஊரார் பிழையெல்லாம் திருத்தினவன் நான். என் பொண்ணு வேலையில என்னால ஒரு பிழை வரலாமா, சிஸ்டர்?"

"வரக் கூடாதுப்பா," என்றாள்.

"அவ வேலையில பிழையே இருக்காது. நான் தேடித் தேடிப் பாத்துட்டேன். ஒரே ஒரு இடம். மருந்துன்னு இருக்கணும், மறந்துன்னு இருந்துச்சு." அப்பா கண்ணை மூடினார். கொஞ்சம் யோசித்தார். பிறகு, ரகசியம் சொல்வது போல, அந்த நர்ஸின் பக்கம் தலையைச் சாய்த்தார்.

"அது அச்சுப் பிழை," என்றார்.

பெரியவள் அழுதாள். சத்தம் வராமல், வார்டில் நிற்கும் நர்ஸ் எப்படி அழ வேண்டுமோ அப்படி அழுதாள். நிமிர்ந்தபோது வாசலில் சின்னவன் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியவில்லை. உள்ளே வரவும் முடியாமல், திரும்பிப் போகவும் முடியாமல், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனைத் தோளால் ஒதுக்கிக்கொண்டு அம்மா மூச்சிரைக்க உள்ளே வந்தாள். கைக்குட்டையைப் பிரித்தாள்.

முதலில் காது மெஷின். பிறகு கண்ணாடி. பெரியவள் தன் கையாலேயே மாட்டிவிட்டாள், மூக்கின் தழும்பில் சரியாக உட்காரும்படி.

அப்பா கண்ணைச் சிமிட்டினார். கூரையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். முகம் மெல்ல மெல்ல பழைய முகம் ஆனது.

"நீ எப்ப வந்தே?"

"இப்பதான்ப்பா."

"மீட்டிங் என்னாச்சு?"

"உதவி தொடரும்னு சொல்லிட்டாங்கப்பா."

அப்பா தலையை ஆட்டினார். "பரவாயில்ல," என்றார்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பெரியவளும் சிரித்தாள். இனிமேல் அந்த வார்த்தையை அவர் எத்தனை தடவை சொன்னாலும் அவளுக்குப் போதும்.

"இங்க ஒரு சிஸ்டர் இருந்தாங்களே, எங்க போனாங்க?" அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். "நல்ல பொண்ணு. நான் பேசினதை எல்லாம் பொறுமையாக் கேட்டுது. ஏதாவது உளறிட்டேனோ என்னவோ."

"அவங்க ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாங்கப்பா."

"பாத்தா சொல்லு," என்றவர், பேச்சை நிறுத்திவிட்டு அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

அடுத்த கட்டிலில் அப்பா வயசுதான் இருக்கும், ஒரு மனிதர். பக்கத்தில் யாரும் இல்லை. பார்க்க வரவேண்டியவர்கள் இன்னும் வரவில்லை. அவர் கை மெதுவாகக் கட்டில் ஓரத்தைத் தடவியது, தலையணைக்கு அடியில் போனது, வெறும் கையாகத் திரும்பி வந்தது, மறுபடியும் தடவத் தொடங்கியது. இவ்வளவு நேரமாக அது நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அப்பாவுக்கு இப்போதுதான் கண் தெரிந்தது.

பிழையைக் கண்டுவிட்டால் அவர் வாய் சும்மா இருக்காதே.

"அவர் கண்ணாடி எங்கம்மா?" என்று கேட்டார்.